படகுக்கும் உண்டு எண்ணெய்க் குளியல்!

தீபாவளி வந்தால் நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். கடற்கரையிலே படகுக்கும் எண்ணெய் தேய்ப்பார்கள். மனிதனுக்கு நல்லெண்ணெய். படகுக்கு மீன் எண்ணெய், புன்னை எண்ணெய், வேப்பெண்ணெய், முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய்!

எதற்காக இப்படித் தேய்க்கிறார்கள்? எந்த எண்ணெய் எதைத் தடுக்கும்? எதைத் தடுக்காது?

படகு வைத்திருப்பவர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல இது. வீட்டு வாசற்கதவு, திண்ணைத் தூண், தோட்டத்துப் பெஞ்சு, மாட்டு வண்டி எல்லாம் வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரங்கள்தான். அவற்றுக்கும் இந்த வைத்தியம் தேவை. அதைக் கற்றுக்கொள்ளப் பழவேற்காட்டை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஏரியா, கடலா?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறுபக்கம் பெரிய ஏரி. இந்தியாவில் உள்ள உப்புநீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவைச் சேர்ந்தது. தெற்கு முனை நம்முடையது. ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா தீவு இந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஏரிக்குள் ஆரணி ஆறு வருகிறது. வடக்கே காளங்கி ஆறு வருகிறது. பக்கிங்காம் கால்வாயும் ஏரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் உள்ளே வருகிறது.

ஆகவே இந்த ஏரியின் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஆற்று வெள்ளம் வந்து விழும். அப்போது ஏரியில் உப்பு குறைந்துவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் காய்ச்சும். தண்ணீர் வற்றும். உப்பு ஏறிக்கொண்டே போகும். சில ஆண்டுகளில் கடல் நீரை விட ஏரி நீர் அதிகம் கரிக்கும்!

மரத்துக்கு வரும் தொல்லை எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு பகைவர்கள்

மரப்படகுக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று அழுகல். மற்றொன்று துளைக்கும் பிராணி.

உப்புத் தண்ணீரில் கிடந்தால் மரம் அழுகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை அதற்கு நேர்மாறு! மரத்தை அழுகச் செய்வது ஒருவகைக் காளான். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மரத்தைத் தின்று உளுத்துப்போகச் செய்கின்றன. இந்தக் காளானுக்கு உப்பு பிடிக்காது. நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காற்று, கொஞ்சம் சூடு, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

படகுக்குள் மழைநீர் தேங்கி நின்றால் அதுதான் ஆபத்து. பலகைச் சந்திலும் மூலைகளிலும் அந்த நீர் ஊறும். அங்கேதான் அழுகல் தொடங்கும். அனுபவம் உள்ள படகுக்காரர்கள் மழை விட்டதும் முதல் வேலையாகத் தண்ணீரை இறைத்து விடுவார்கள். பிறகு கடல் நீரை வாரி அடித்துக் கழுவுவார்கள். உப்பு ஏறிய மரத்தில் காளான் எளிதில் பிடிக்காது.

முழுவதும் தண்ணீரில் மூழ்கிய மரத்தையும் காளான் தொடாது. அங்கே காற்று இல்லையே! ஏரியில் நட்ட சவுக்குக் கழியைப் பாருங்கள். நீர் ஏறி இறங்கும் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். மரத்துக்கு ஆபத்தான இடம் நனைந்தும் காய்ந்தும் இருக்கும் இடம்தான். வீட்டுத் தூணிலும் அப்படியே. மண்ணைத் தொடும் அடிப்பக்கம்தான் முதலில் கெடும்.

சரி, உப்புநீர் நல்லதுதானே என்று மகிழ்ச்சி அடைய வேண்டாம். அங்கே காத்திருக்கிறான் இரண்டாவது பகைவன்!

புழு அல்ல, சிப்பி!

அவனுடைய பெயர் கப்பல் புழு. பார்ப்பதற்கு வெள்ளையாக, நீளமாக, புழு மாதிரியே இருப்பான். ஆனால் புழு அல்ல. நத்தை, மட்டி, சிப்பி இருக்கின்றன அல்லவா? அந்தச் சிப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். தலையில் மட்டும் இரண்டு சிறிய ஓடுகள் இருக்கும். அந்த ஓடுகளே அரம். அவற்றால் மரத்தை ராவி ராவி உள்ளே போவான். ராவிய தூளைத் தின்பான். மரத்தூள் எப்படிச் செரிக்கும்? அதற்காகவே அவன் உடம்பில் நுண்கிருமிகள் குடியிருக்கின்றன. அவை மரத்தைச் செரிக்க வைக்கின்றன.

குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் மிதந்து வருவான். கண்ணால் பார்ப்பதே கஷ்டம். மரம் கிடைத்ததும் ஒட்டிக்கொள்வான். குண்டூசித் தலை அளவு ஓட்டை போட்டு உள்ளே நுழைவான். பிறகு அந்த ஓட்டை வழியாக வெளியே வரவே மாட்டான். உள்ளேயே வளர்வான். விரல் நீளம், சாண் நீளம், சில சமயம் முழ நீளம்கூட வளர்வான். போகிற வழியெல்லாம் சுரங்கத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேறு பூசுவான்.

இதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. வெளியே பார்த்தால் பலகை நன்றாக இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும். ஒரு நாள் அலையில் மோதும்போதோ தரையில் தட்டும்போதோ பலகை பொத்துக்கொள்ளும்.

கொலம்பஸைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவருடைய நான்காவது பயணத்தில் கப்பல்களை இந்தச் சிப்பி சல்லடை ஆக்கிவிட்டது. 1503-ல் ஜமைக்காத் தீவில் கரை தட்டி, ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே கிடந்தார்!

டச்சுக்காரர் பட்ட பாடு

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-ல் ஒரு கோட்டை கட்டினார்கள். ஜெல்டிரியாக் கோட்டை என்று பெயர். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் இடிபாடும்தான் மிச்சம். சித்திர வேலைப்பாடு உள்ள அவர்களுடைய கல்லறைகள் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கின்றன.

டச்சுக்காரரின் சொந்த நாட்டில் பல பகுதிகள் கடல் மட்டத்தை விடத் தாழ்ந்தவை. அணை கட்டித்தான் கடலைத் தடுத்து வைத்திருந்தார்கள். அணைகளின் முன்பக்கத்தில் மரக்கட்டைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். 1731-ல் அந்தக் கட்டைகள் திடீர் திடீரென்று முறிய ஆரம்பித்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் கப்பல் புழு! நாடே நடுங்கியது. கடவுளின் தண்டனை என்று பிரார்த்தனை நடத்தினார்கள். கடைசியில் மரத்தைக் கைவிட்டு, வெளிநாட்டிலிருந்து கல் கொண்டுவந்து அடுக்கினார்கள். அதற்கு ஆன செலவு கொஞ்ச நஞ்சம் அல்ல.

ஆனால் இந்தப் பொல்லாத சிப்பியால் உலகத்துக்கு ஒரு நன்மையும் உண்டாயிற்று. புரூனல் என்ற பொறியியல் நிபுணர் அது மரத்தைத் துளைக்கும் விதத்தைக் கவனித்தார். முன்னால் குடைந்துகொண்டே பின்னால் சுவர் பூசிக்கொண்டு போகிறதே! அதே மாதிரி பூமியைக் குடைய ஒரு கருவி செய்து 1818-ல் காப்புரிமை பெற்றார். அதைக் கொண்டு லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார். 1843-ல் அது திறக்கப்பட்டது. இன்று சென்னையில் மெட்ரோ ரயிலுக்காகப் பூமிக்கு அடியில் குடைந்த ராட்சத இயந்திரங்கள் அந்தக் கருவியின் வம்சம்தான்.

எண்ணெய் தடுக்குமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மேலே எண்ணெய் தடவினால் கப்பல் புழு வராதா?

வரும். எண்ணெய் மட்டும் அவனைத் தடுத்துவிடாது. தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தில் சாதாரண எண்ணெய் நெடுநாள் நிற்காது. எண்ணெய் தடவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் படகை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் மிதக்க விட்டவர்கள் பலகையை இழந்திருக்கிறார்கள்.

நம் முன்னோர் அவனைத் தடுத்த விதமே வேறு. முதல் ஆயுதம், கரையேற்றிக் காயவைப்பது. கட்டுமரத்தைப் பாருங்கள். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்து மணலில் போட்டுவிடுவார்கள். தண்ணீர் குடித்த கட்டை கனக்கும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் தினமும் காயும் கட்டையில் கப்பல் புழுவும் குடித்தனம் நடத்த முடியாது.

நிரந்தரமாக மிதக்கும் படகுக்கு ஒரு நாள் காய்ச்சல் போதாது. அந்தச் சிப்பி தந்திரக்காரன். ஆபத்து வந்தால் ஓட்டையை உள்ளிருந்து மூடியால் அடைத்துக்கொள்வான். அப்படியே சில வாரங்கள்கூட உயிரோடு இருப்பான். ஆகவே கரையேற்றினால் நன்றாக, நீண்ட நாள் காயவைக்க வேண்டும்.

இரண்டாவது ஆயுதம் நெருப்பு. படகைச் சாய்த்து, அடியில் காய்ந்த ஓலையைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள். மரம் எரியக்கூடாது. உள்ளே இருப்பவன் மட்டும் சாகவேண்டும். கை தேர்ந்தவர்கள் செய்யும் வேலை இது.

மூன்றாவது, சுண்ணாம்பு. சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்து அடிப்பாகத்தில் கனமாகப் பூசுவது இந்தியக் கடற்கரைகளில் பழைய வழக்கம். உதிர உதிர மறுபடி பூச வேண்டும்.

நான்காவது ஆயுதத்தை மழையே கொடுக்கிறது. ஏரியில் வெள்ளம் வந்து உப்பு குறைந்தால் கப்பல் புழு வாடிப்போவான். பழவேற்காட்டு மழைக்காலம் படகின் அடிப்பாகத்துக்கு நல்ல காலம். ஆனால் அந்த மழையேதான் படகின் உள்பக்கத்தை அழுகச் செய்கிறது! இப்படி ஒரே தண்ணீர் கீழே மருந்து, மேலே நஞ்சு. துளைப்பவர்களில் சிலர் குறைந்த உப்பையும் தாங்குவார்கள் என்பதால் மழையை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

பிறகு எண்ணெய் எதற்கு?

எண்ணெயின் வேலை தண்ணீர் மட்டத்துக்கு மேலே. வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். மழையில் ஊதிப் பெருக்கும். சுருங்கிச் சுருங்கிப் பெருத்தால் வெடிப்பு விழும். வெடிப்பில் மழைநீர் புகும். அங்கே அழுகல் தொடங்கும். எண்ணெய் மரத்தின் துவாரங்களுக்குள் இறங்கி நின்றுகொள்கிறது. தண்ணீர் வேகமாக உள்ளே போகவும் வெளியே வரவும் விடாது. அதனால் மரம் வெடிக்காமல் இருக்கும்.

ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். பக்கத்தில் பெயிண்டுக் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தூசி படாமல் சில நாட்கள் வையுங்கள். தேங்காய் எண்ணெய் அப்படியே பிசுபிசுவென்று இருக்கும். ஆளிவிதை எண்ணெய் தோல் மாதிரி கெட்டியாகியிருக்கும். அது காற்றில் உள்ள பிராணவாயுவை இழுத்து இறுகிவிடுகிறது. இதை உலரும் எண்ணெய் என்பார்கள்.

வெளியில் நிற்கும் மரத்துக்கு உலரும் எண்ணெயே நல்லது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். பிறகு தூசியைப் பிடிக்கும். சிக்கு வாடை அடிக்கும். பூசணமும் பூக்கும்.

மத்தி மீனின் எண்ணெய் ஓரளவு உலரும். அதனால்தான் மேற்குக் கடற்கரையில் தோணிகளுக்கு அதைத் தேய்த்தார்கள். சுறா ஈரல் எண்ணெயையும் பல இடங்களில் தேய்த்தார்கள். மார்க்கோ போலோ பாரசீகக் கடற்கரையில் ஹோர்முஸ் துறைமுகத்துக்குப் போனபோது அங்குள்ள படகுகளுக்கு மீன் எண்ணெய் பூசியிருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். 700 ஆண்டுக்கு முந்திய செய்தி இது. நாற்றத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்!

புன்னை எண்ணெயும் வேப்பெண்ணெயும் கசப்பு. பூச்சிக்கு ஆகாது. ஆனால் மழையில் கரைந்து போய்க்கொண்டே இருக்கும். அடிக்கடி தடவ வேண்டும்.

பலகைச் சந்துகளின் கதை தனி. அங்கே பஞ்சையோ கயிற்று நாரையோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைப்பார்கள். கலப்பத்து அடிப்பது என்று இதற்குப் பெயர். போர்ச்சுகீசியர் விட்டுப்போன வார்த்தை அது. படகு கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். கலப்பத்து சரியில்லை என்றால் ஓடாவியின் திறமையும் தேக்குப் பலகையும் வீண்தான்.

கையைச் சுடும் எண்ணெய்

போர்ச்சுகீசியர் நமக்குக் கொண்டுவந்த இன்னொரு பொருள் முந்திரி. பிரேசில் நாட்டுச் செடி. அதன் பருப்பை நாம் பாயசத்தில் போடுகிறோம். பருப்பைச் சுற்றியுள்ள தோலில் கறுப்பான ஓர் எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் கொப்பளித்துவிடும். பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரி உடைக்கும் பெண்கள் இந்த எண்ணெய்க்குப் பயந்து கையில் சாம்பலோ தேங்காய் எண்ணெயோ பூசிக்கொண்டு வேலை செய்வார்கள். அப்படியும் விரல் கறுத்துப்போகும்.

மனிதக் கையைச் சுடும் எண்ணெய் பூச்சியையும் காளானையும் சும்மா விடுமா? மரத்தில் பூசினால் இறுகிக் கறுப்புத் தோலாகிவிடும். நாட்டுப் படகுகளுக்கு அது நல்ல காப்பு. பூசுகிறவர் கையுறை போட வேண்டும். கண்ணில் படக்கூடாது. குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

இந்தியர் கண்டுபிடித்த மருந்து

மேலே தடவுவதை விட மரத்தின் உள்ளேயே மருந்தை ஏற்றிவிட்டால்? டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி இதைச் செய்து காட்டினார். ஆண்டு 1933. செம்பு, குரோமியம், பாஷாணம் மூன்றும் சேர்ந்த உப்புக் கரைசல் அது. செம்பு காளானைக் கொல்லும். பாஷாணம் பூச்சியைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு கட்டிப்போட்டுவிடும். மழையில் எளிதில் கரையாது. மரத்தைப் பெரிய இரும்புத் தொட்டியில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் கொடுத்து இந்தக் கரைசலை ஏற்றுவார்கள்.

உலகம் முழுவதும் தந்திக் கம்பங்களும் வேலிகளும் இந்த மருந்தால் நீண்ட காலம் நின்றன. கண்டுபிடித்தவர் இந்தியர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விசாகப்பட்டினத்தில் இந்த மருந்து ஏற்றிய கட்டுமரங்களைக் கடலில் விட்டுச் சோதித்தார்கள். கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் 1957-ல் ஏற்பட்டது. அங்கேயும் ஆராய்ச்சி நடந்தது. தேக்கு வாங்க முடியாத மீனவருக்கு மலிவான மரத்தில் படகு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ரப்பர் மரத்தில்கூடத் தோணி செய்து காட்டினார்கள்.

ஆனால் பாஷாணம் பாஷாணம்தான். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் இந்த மருந்தை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். நமது தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கம்பத்துண்டு, பச்சை நிறம் ஏறிய வேலிக்கட்டை கிடைத்தால் அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகையும் சாம்பலும் விஷம்.

கழிவு எண்ணெய் வேண்டாம்!

இப்போது பலரும் செய்யும் ஒரு காரியம் மோட்டார் எஞ்சினிலிருந்து வடித்த கறுப்புக் கழிவு எண்ணெயை மரத்தில் தடவுவது. சும்மா கிடைக்கிறது. கறுப்பாகப் பளபளக்கிறது. கரையான் கொஞ்ச நாள் கிட்டே வராது. வேறென்ன வேண்டும் என்கிறார்கள்.

அது உலரும் எண்ணெய் அல்ல. மரத்தில் இறுகாது. வெயிலில் கசியும். தண்ணீரில் படலமாக மிதக்கும். எஞ்சினில் வெந்த எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் உலோகத் தூளும் இருக்கின்றன.

பழவேற்காடு ஏரியில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஏரியில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. இருளர் குடும்பங்கள் இடுப்பளவு நீரில் நடந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கைதான் மூலதனம். ஒருவர் படகில் தேய்த்த கழிவு எண்ணெய் இன்னொருவர் கைக்கும், பிறகு நமது சட்டிக்கும் வருகிறது. இலவசமாகக் கிடைத்த எண்ணெய் இது, ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் வேறு.

முறை தவறினால் மீன் இல்லை

படகைப் பேணுவது பழவேற்காட்டில் அழகுக்காக அல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்ற பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களைச் சண்டை இல்லாமல் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. இன்று இவர்களுக்கு, நாளை அவர்களுக்கு என்று முறை வைத்துப் போவார்கள். நமது முறை வரும் நாளில் படகு ஒழுகிக்கொண்டு கரையில் கிடந்தால் என்ன ஆகும்? அன்றைய மீன் போயிற்று. மறுமுறை வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு பலகையின் ஓட்டை ஒரு குடும்பத்தின் உலைப்பானைக்கு வந்துவிடுகிறது.

1980-களிலிருந்து இந்தக் கடற்கரைக்குப் பைபர் படகுகள் வரத் தொடங்கின. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து பழைய படகுகளை அடித்துக்கொண்டு போன பிறகு, நிவாரணமாகப் பைபர் படகுகள் ஏராளமாகக் கொடுக்கப்பட்டன. அவற்றைக் கப்பல் புழு தொடாது. எண்ணெய்க் குளியலும் வேண்டாம்.

ஆனால் பைபர் படகிலும் மரம் ஒளிந்திருப்பது உண்டு. எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு உள்ளே பலகை வைத்து மேலே பைபர் பூசுவார்கள். ஆணி அடித்த இடத்திலோ கீறல் விழுந்த இடத்திலோ மழைநீர் புகுந்தால் உள்ளே மரம் அழுகும். வெளியே தெரியாது. தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்கும். அப்போது எஞ்சினை மாட்டிக் கடலுக்குப் போகக்கூடாது. கீறலை அன்றன்றே அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

நம் வீட்டு மரத்துக்கு

ஏரிக்கரைப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவருவோம். வீட்டில் கப்பல் புழு கிடையாது. அழுகலும் கரையானும் வெயிலும்தான் பகைவர்கள்.

பழைய வீடுகளில் திண்ணைத் தூணைப் பார்த்திருப்பீர்கள். மரத்தூண் மண்ணில் நிற்காது. கல்லின் மேல் நிற்கும். தரை ஈரம் மரத்துக்கு ஏறாது. கரையான் வந்தாலும் கல்லின் மேல் மண்ணுப் பாதை கட்டித்தான் வரவேண்டும். உடனே கண்ணில் படும், தட்டிவிடலாம். எந்த எண்ணெயும் இந்தக் கல்லுக்கு ஈடாகாது. புதிதாகப் பெஞ்சோ பந்தல்காலோ போடுகிறவர்கள் முதலில் இந்தக் கல்லைப் போடுங்கள். பிறகு எண்ணெயைப் பற்றி யோசிக்கலாம்.

எண்ணெய் பூச ஏற்ற காலம் மழைக்கு முந்திய மாதங்கள். மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகும். பழைய அழுக்கைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசின் மாதிரி ஒட்டும். ஒரு நாள் விட்டு மறுபடி ஒரு பூச்சு. அதற்கும் பிறகு இன்னொன்று.

பலகையின் அறுத்த முனைகளை மறக்காதீர்கள். மரத்தின் குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. பக்கவாட்டில் குடிப்பதை விடப் பல மடங்கு தண்ணீரை முனை குடிக்கும். கதவின் அடி விளிம்பு, பெஞ்சுக் காலின் அடி, இவைதான் முனைகள். யாரும் குனிந்து பார்க்காத இடங்கள்!

நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது. சில மாதங்களில் மரம் சாம்பல் நிறமாகிவிடும். எண்ணெயில் காவிப் பொடி கலந்து பூசினால் வெயில் உள்ளே போகாது. வார்னிஷ் பூசினால் பார்க்க அழகு. ஆனால் அது ஒரு கண்ணாடித் தோல். வெயிலில் வெடித்தால், வெடிப்பில் நீர் புகுந்து உள்ளே நிற்கும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டும். எண்ணெய்க்குச் சுரண்டல் வேண்டாம், மேலேயே பூசிக்கொள்ளலாம். அதனால் நம் வெயிலுக்கு எண்ணெயே மேல் என்பது எனது எண்ணம்.

மறுபடி எப்போது பூசுவது? மரத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. ஊறிக் கறுத்தால் எண்ணெய் போய்விட்டது, பூசும் நேரம் வந்துவிட்டது.

கடைசியாக, எண்ணெய் துடைத்த கந்தைத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழி இல்லாமல் சேர்ந்துகொண்டே போகும். யாரும் தீ வைக்காமலே சில மணி நேரத்தில் துணி பற்றி எரியும்! 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட கந்தையால்தான் பற்றி எரிந்தது. தீயணைக்கப் போன மூன்று வீரர்கள் இறந்தார்கள். ஆகவே வேலை முடிந்ததும் துணியை விரித்து, வெட்டவெளியில் தனியாகக் காயப்போடுங்கள். அல்லது ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, அதன் பிறகு கை கழுவப் போங்கள்.